பள்ளியிலிருந்து வந்த கதிரை

என்னோடு கூடப்பிறந்த காக்கா, இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் கதிரை வீடு வந்து சேர்ந்தது. பள்ளிவாசலை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறார்களாம். பழைய சாமான்களை அவரவர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பாங்கு சொல்லும் மோதினார் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, "கப்டன்ட கதிரை, ராத்தா" என்று வாசலில் இறக்கிவிட்டுப் போனார். இருக்கைப் பிரம்பு தளர்ந்துவிட்டது. வலது பக்கச் சட்டத்தில் நீங்கள் காலுக்குப் பூசும் நோவெண்ணெய் ஊறிய கறுப்பு அப்படியே இருக்கிறது. குனிந்து மணந்து பார்த்தேன். அந்த மணம் போகவில்லை. முற்றத்திலேயே குந்திவிட்டேன்.

உங்கள் காலைப் பற்றி ஊரில் தெரியாத ஆள் யார்? கல்லூரி அணிக்குக் கப்டனாக நீங்கள் ஆடிய கடைசி ஆட்டத்தில் வலது முழங்கால் பிசகியது. பிசகிய காலோடு கடைசி விசில் வரை ஓடினீர்கள். வீட்டுக்கு வந்ததும் வாப்பா ஏசினார். "விழுந்திருந்தா பெனால்டி குடுத்திருப்பானே, மகன்!" நீங்கள் சொன்ன பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். "விழுந்து கேட்டு வாங்குற கோல் என்ன கோல், வாப்பா?"

அந்தக் காலை மறைத்துக்கொண்டுதான் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள். அங்கும் கப்டன் ஆனீர்கள். தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்காமல் கலியாணம் வேண்டாம் என்று நின்று, அந்த உழைப்பில் இந்த வீட்டைக் கட்டினீர்கள். சூறாவளிக்கு முந்திய வருஷம் ஓய்வுபெற்று வந்தபோது முழங்கால் விறைத்து மடங்கவே மறுத்தது. பள்ளியில் கடைசி வரிசையில், சுவரோரம், இந்தக் கதிரையில் காலை நீட்டி இருந்து தொழுதீர்கள். வீடு முடிந்த பிறகு நீங்கள் கட்டிய மதினி மௌத்தானதும் என் வீட்டோடு வந்துவிட்டீர்கள். பின்னேரங்களில் கடற்கரை மைதானத்துக்குப் போவீர்கள். எவனாவது படாமலே விழுந்து உருண்டால் உங்கள் சத்தம் தெருமுனை வரை கேட்கும். "எழும்புடா! பந்து அங்கால போகுது!"

பிறகு அந்த நெற்போகம் வந்தது. நாவிதன்வெளியில் நம் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன என் கணவரைச் சுற்றிவளைப்பில் பட்டாளம் ஏற்றிக்கொண்டு போனது. அவருடைய அடையாள அட்டை வீட்டுக் கொடியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகாமுக்குள் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்த காலமா அது? நீங்கள் மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினீர்கள். பதில் வரட்டும் என்றீர்கள். "இப்ப அங்க இருக்கிறவனுகளுக்கு என்னைத் தெரியாது, தங்கச்சி. போனா வேலை கெட்டாலும் கெட்டுப் போகும்."

மூன்றாம் நாள் காலையில் என் வாய் திறந்தது. அந்த வாயைத் தைத்திருக்கக் கூடாதா யாராவது!

"இருவது வருஷம் பட்டாளத்துல இருந்து என்னத்தக் கிழிச்சீங்க? போய் ஒரு வார்த்தை கதைக்க ஏலாதா? உங்கட கௌரவம் பெரிசா, என்ட புருஷன்ட உயிர் பெரிசா?"

நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையையும் நீளக் காற்சட்டையையும் உடுத்து, ஓய்வுப் பத்திரத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தீர்கள்.

பொழுதுபட, மஃரிபுக்குச் சற்று முன் நீங்களும் என் கணவருமாக வந்து இறங்கினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவரைக் கட்டிப் பிடித்து அழுதேன். உங்கள் காற்சட்டை வலது முழங்காலில் கிழிந்து, கிரவல் மண் அப்பியிருந்தது. "என்ன காக்கா இது?" என்றேன். "வழியில விழுந்திட்டன்" என்றீர்கள். விழாத மனிசன் விழுந்தேன் என்கிறாரே என்று ஒரு கணமாவது யோசித்தேனா? "பாத்தீங்களா, ஒரு வார்த்தை கதைச்சாப் போதும் எண்டு நான் சொன்னேனா இல்லையா?" என்று சிரித்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "ஓம் தங்கச்சி, ஒரு வார்த்தைதான்" என்றீர்கள்.

அடுத்த நாள் சுபஹுத் தொழுகையிலிருந்து நீங்கள் கதிரையைத் தொடவில்லை. எல்லாரையும் போலத் தரையில் முழங்கால் மடித்து, நெற்றி வைத்து சுஜூது செய்கிறீர்கள் என்று பள்ளியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். கால் சுகமாகிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். கேட்டது ஒன்று, அல்லாஹ் தந்தது இரண்டு என்றேன். இவர் திரும்பி வந்ததற்கு ஒரு சட்டி, உங்கள் கால் மடங்கியதற்கு ஒரு சட்டி என்று நேர்ச்சைச் சோறு ஆக்கி அயல் முழுக்கப் பங்கிட்டேன். இரண்டாவது சட்டியிலிருந்து உங்களுக்கும் ஒரு பீங்கான் சோறு வைத்தேன்.

கால் வீங்கியது. கிரவல் கீறிய இடம் ஆறவில்லை. உங்களுக்குச் சீனி வருத்தம் வேறு. எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் ஏசினேன். "கதிரையில இருந்து தொழுதா அல்லாஹ் வேணாம் எண்டா சொல்லப்போறான்?" ஒரு நாள் மட்டும் பதில் சொன்னீர்கள். "இனி அவனுக்கு முன்னால கதிரையில இருக்க எனக்கு வெக்கம், தங்கச்சி." வயசுபோன மனிசனின் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். புண் பழுத்தது, காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தீர்கள். உங்களை வெள்ளைத் துணியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி ஆட்கள் கலைந்த பிறகு இவர் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"மச்சான்ட கால் சுகமாகவே இல்ல, புள்ள."

பிடித்தவர்களை முகாம் முற்றத்தில் கிரவலில் முழங்காலில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். நீங்கள் நீட்டிய பத்திரத்தை ஓர் இளம் அதிகாரி, உங்களுக்கு மகன் வயது கூட இராது, வாசித்துவிட்டுச் சிரித்தானாம். இவனுக்காகக் கதைக்க வந்தால் இவனோடு சேர்ந்து முழங்காலில் நில் என்றானாம். நீங்கள் இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினீர்களாம். முழங்கால் மளுக்கென்று மடங்கிய சத்தம் தனக்குக் கேட்டது என்கிறார். நடுப்பகல் லுஹர் பாங்கு தூரத்தில் கேட்டபோதும் அப்படியே நின்றீர்களாம். அஸர் வரைக்கும் நின்ற பிறகுதான் இரண்டு பேரையும் விட்டானாம். வரும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னீர்களாம். "தங்கச்சிக்குத் தெரிய வேணாம்."

அங்கே மடங்கிய கால் அல்லாஹ்வுக்கு மடங்காதா என்றுதானே கதிரையைத் தள்ளி வைத்தீர்கள்? அல்லாஹ்வே, நான் என்ன செய்வேன்! பள்ளி ஹஸ்ரத்திடம் ஆள்விட்டுக் கேட்டேன். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் பொறுத்து மன்னிக்க வேண்டும், மௌத்தானவருக்காக துஆச் செய்யுங்கள் என்றார். ஐந்து நேரமும் செய்கிறேன். என் முழங்கால்கள் நன்றாகவே மடங்குகின்றன. ஆனால் "பொறுத்தேன் தங்கச்சி" என்று எனக்கு யார் சொல்வது, காக்கா? பதில் வராத ஆளிடம் எத்தனை தரம்தான் கேட்பது?

கதிரையை உள்ளே தூக்கி வைக்கவா என்று இவர் கேட்கிறார்.  அந்தப் பீங்கான்தான் கண்ணுக்குள் நிற்கிறது. உங்கள் கால் மடங்கியதற்கு நன்றி சொல்லி ஆக்கிய சோறு. என் முன்னால் இருந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்கள். சாப்பிட்டு முடித்து, "நல்லா இருக்கு, தங்கச்சி" என்றீர்கள்.