நான் அடிக்காம விட்ட மூணு அடி

அக்டோபர் 14, திங்கள்

இல்ல, நான் சாகல. அதத்தான் அந்தப் பையன்கிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரல. நாள் முழுக்க பஸ் கதவுல தொங்கிட்டு "சொரேரா, சொரேரா"ன்னு ஊர் பேரக் கத்துற வாய், அந்த நேரம் பாத்து வரல.

மதியம் அராய்ஹான் தாண்டி நெரிசல்ல மாட்டிட்டு நிக்குறோம். மழை. பின் சீட்டுல நம்ம ஸ்கூல் சட்டையில ரெண்டு பசங்க. ஒருத்தன் மடியில சின்ன டிரம், சிட்டிக்குப் போய் தோல் மாத்திட்டு வர்றானாம். சும்மா இல்லாம முன் சீட்டுக் கம்பியில விரலால தட்டிட்டே வந்தான். நம்ம ஸ்கூல் பேண்டோட ஊர்வல அடி. தூக்கத்துல கேட்டாலும் எனக்குத் தெரியும். ஆனா நடுவுல ஒரு இடத்துல நிறுத்துறான். கொஞ்சம் காத்திருக்கான். அப்புறம் எடுக்குறான்.

அது பொம்போ இடம். வயித்துக்கு முன்னாடி தொங்குற பெரிய டிரம், அது மட்டும் தனியா மூணு அடி. தும், தும், தும். மத்தவங்க எல்லாம் அந்த நேரம் சும்மா நடப்பாங்க. அங்க அடிச்சுட்டு இருந்தது நான்.

"தம்பி, அங்க மூணு அடி வரணும். விட்டுட்ட"ன்னேன்.

என்ன மேலயும் கீழயும் பாத்தான். "அது அப்படித்தாண்ணே. அங்க யாரும் அடிக்கக் கூடாது. அங்க அடிச்சுட்டு இருந்த அண்ணன் செத்துட்டாரு."

"எப்படி?"

"பஸ்ல அடிபட்டு."

பக்கத்துல இருந்தவன், "இந்த ரூட்டு பஸ்தானாம்"ன்னான்.

"பேரு என்ன அவருக்கு?"

"ஒல்மெதோ."

சரியா அப்பத்தான் ரெய்னால்தோ, எங்க டிரைவர், முன்னாடியிருந்து கத்துறாரு. "ஒல்மெதோ, கதவ மூடுறா, சாரல் உள்ள வருது."

பசங்க ரெண்டு பேரும் என்னயே பாத்தாங்க. நான் போய் கதவ மூடினேன். "அதே பேருல்ல"ன்னு ஒருத்தன் கிசுகிசுத்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

யாரு என்ன சாகடிச்சது?

அக்டோபர் 17, வியாழன்

கோவம் இல்ல. கோவம் வரணும்னு ரெண்டு நாளா பாத்தேன், வரல. தெரிஞ்சுக்கணும்னு அரிக்குது, அவ்வளவுதான்.

ஸ்கூல விட்டதுக்கு என்கிட்ட பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஹைஸ்கூல்ல அஞ்சாவது வருஷம், அக்டோபர். வேதியியல்ல ரெண்டாவது தடவ ஃபெயில். ரெய்னால்தோவோட கண்டக்டருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ஒரு வாரத்துக்கு ஆள் வேணும்னாரு. ஒரு வாரம்னு தீதியெர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறினேன். தீதியெர் சின்ன டிரம், பேண்டுக்குத் தலைவன், என் பக்கத்து பெஞ்ச். அந்த ஆளு இடுப்பு சரியாகல. நானும் இறங்கல. மூணு வருஷம் ஆச்சு.

ஒருத்தனும் வந்து என்னடான்னு கேக்கல. தீதியெரும் கேக்கல. என் இடத்துக்கு வேற ஒருத்தனப் போட்டிருப்பான்னு நெனச்சேன். அதனாலதான் நவம்பர் 28, சுதந்திர நாள் வந்தா ஊர்வலம் பாக்காம கைமீட்டோ துறைமுகத்துக்குப் போயிடுவேன், மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு. எனக்கு மீனே பிடிக்காது.

இப்ப பாத்தா யாரையும் போடல. ஏன் போடல?

அக்டோபர் 19, சனி

சூப்பர்மார்க்கெட்ல பில் போடுற பொண்ணு போன வருஷம்தான் நம்ம ஸ்கூல் முடிச்சா. சும்மா கேக்குற மாதிரி கேட்டேன்.

"ஐயோ, அந்த அண்ணன் சாகலையே. ரெண்டு காலும் போச்சு, அவ்வளவுதான்"ன்னா.

அவ்வளவுதானாம். ரெண்டு காலோட நின்னு பையை வாங்கிட்டு வந்தேன்.

அவளுக்கு முந்தின வருஷத்து ஆள் ஒருத்தன், என் வருஷம், வேற பிரிவு, கார் கழுவுற இடத்துல இருக்கான். அவன் கணக்குல ஒரு கால் முறிஞ்சதோட சரி. அதுவும் படியில வழுக்கி. அப்ப ஒவ்வொரு வருஷப் பசங்களும் கொஞ்சம் கொஞ்சமா என்ன முடிச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷம் விட்டா சிலை வச்சிருப்பாங்க.

அக்டோபர் 22, செவ்வாய்

இட்செல் ஏறினா. என் வகுப்பு, லீரா வாசிப்பா, அந்தத் தகடு தகடா இருக்கறத நெஞ்சுக்கு நேரா பிடிச்சு தட்டுறது. இப்ப சிட்டியில நர்சிங் படிக்கிறா. தலை நனைஞ்சு, காலணி கையில.

"நான் செத்துட்டேன், தெரியுமா?"ன்னேன்.

"தெரியுமே. இந்த வருஷ ஆரம்பத்துலயே கேள்விப்பட்டேன்."

"இல்லன்னு சொல்லலையா நீ?"

"எதுக்கு? நீ உயிரோட இருந்தப்ப யாரும் உன்னப் பத்தி இவ்ளோ நல்லா பேசினதில்ல."

பக்கத்து சீட்டு அம்மா சிரிச்சுட்டாங்க. நானுந்தான்.

ஆரம்பிச்சு வச்சது யாருன்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட் பின்னாடி காலி இடத்துல பழைய மாணவர் பேண்டு கூடுதாம், 28க்குப் பயிற்சி. "வந்து தீதியெரக் கேளு"ன்னா.

தீதியெரக் கேக்க மாட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

போனேன்.

பயிற்சி கொஞ்சம், பேச்சு நிறைய. பத்து வருஷ ஆளுங்க எல்லாம் கலந்து உக்காந்து, பொரிச்ச ஓஹால்ட்ரே ரொட்டியும் கையுமா, சோளமும் பாலும் போட்ட சிச்செமெய மடக்கு மடக்கா குடிச்சுட்டு ஸ்கூல் கதை. மழையில மைதானம் குளமானப்ப தவளை பிடிச்சது. பிரின்சிபால் மைக்க அணைக்க மறந்துட்டு வீட்டுக்காரம்மாகிட்ட ஃபோன்ல கெஞ்சினது. அத ஸ்கூலே நின்னு கேட்டது. எல்லாருக்கும் ஒரே கதைதான், ஆனா ஆளாளுக்கு வேற மாதிரி. ஒருத்தன் ஆரம்பிக்க, இன்னொருத்தன் "அது நீ இல்லடா, நான்"ங்க.

நான் செவுத்தோரம் நின்னேன். என்னத் தெரியாத ஒரு தடியன் கை ஆட்டி ஆட்டிச் சொல்றான்: "அந்த ஒல்மெதோ இருந்தானே, வேதியியல் லேப்ல இகுவானாவ விட்டான். டீச்சர் மேசை மேல ஏறிட்டாங்க."

நான் விடல. அது தீதியெர். அவன் பாட்டி வீட்டுல வளந்த இகுவானா, கை நீளத்துக்கு ஓணான், பேரு கூட இருந்துச்சு.

தீதியெரப் பாத்தேன். அவன் ரொட்டியப் பிச்சு வாயில போட்டுட்டு எங்கயோ பாத்தான்.

இட்செல்தான் போட்டு உடைச்சா. "இதோ நிக்குறான் உங்க ஒல்மெதோ. கால் ரெண்டும் இருக்கு, எண்ணிக்கோங்க."

எல்லாரும் என் காலப் பாத்தாங்க. அப்புறம் சிரிப்பு. தடியன் வந்து என் தோளத் தொட்டுப் பாத்தான், நெஜமா. ஆனா கெருபே அக்கா சிரிக்கல. பேங்க்ல வேலை, இந்த பேண்டுக்கு எல்லாமே அவங்கதான். "உயிரோட இருக்க, சந்தோஷம்"ன்னாங்க. "ஆனா எங்க பேனர்ல பழைய மாணவர்னு போட்டிருக்கு தம்பி. நீ பழைய மாணவனா, ஓடிப்போன மாணவனா?"

எனக்கும் அதுதான் தெரியணும்.

என்ன பேண்டுல சேத்துக்கறதப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்னுட்டாங்க அக்கா. நான் கிளம்பறப்ப தீதியெர் வந்து, "நீ செத்ததுக்கு நான் பொறுப்பில்ல"ன்னான்.

"இகுவானாவுக்கு?"

"செத்தவன் மேல போட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

மூணு வருஷம் கழிச்சு அவன் என்கிட்ட பேசினது இதுதான்.

நவம்பர் 2, சனி

லீவு கூட்டம். நெரிசல். ரெண்டு நாளா சிட்டிக்குப் போற பாலத்து மேலயே குடியிருக்கேன்.

கெருபே அக்கா வேண்டாம்னு சொன்னா என்ன? ஒண்ணும் ஆகாது. முன்ன மாதிரியே மீன் பாக்கப் போவேன்.

ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு இதையே எழுதிட்டு இருக்கேன்?

நவம்பர் 6, புதன்

இட்செல் இன்னிக்கு என் பக்கத்துல படிகிட்டயே நின்னுட்டு வந்தா. அவளா சொன்னா. நான் கேக்கல — கேட்டேன்.

நான் வராம போனதும் பேண்டு மாஸ்டர் அந்த இடத்துல சிம்பல் அடிச்சு நிரப்பச் சொன்னாராம். தீதியெர் முடியாதுன்னுட்டான். "ஒரு வாரம்னு சொல்லியிருக்கான் சார், வந்துடுவான்." வாரம் போச்சு. ஊர்வலம் வந்துச்சு. அன்னிக்கும் அந்த இடம் வந்தப்ப எல்லாரும் வெறுமனே நடந்தாங்களாம். அடுத்த வருஷம் அவன் கடைசி வருஷம், அப்பவும் யாரையும் தொட விடல. அதுக்குள்ள சின்னப் பசங்க அப்படியே கத்துக்கிட்டாங்க, அதுதான் நம்ம ஸ்கூல் அடின்னு. ஏன்னு கேக்க ஆள் வந்தப்ப சொல்ல ஆள் இல்ல. காலு போச்சு, அப்புறம் உயிர் போச்சு.

"அவ்ளோ அக்கறைன்னா ஒரு தடவ வந்து என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல"ன்னேன். குரல் கொஞ்சம் ஏறிடுச்சு.

"வந்தான். டெர்மினல்ல நின்னான். நீ கதவுல தொங்கிட்டு கத்திட்டு இருந்தியாம், ஒரே சிரிப்பாம். பாத்துட்டுத் திரும்பி வந்துட்டான். அவன் சந்தோஷமா இருக்கான், விடுன்னான்."

நான் சிரிச்சேனா? என்னிக்கு? எதுக்குச் சிரிச்சேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். கண்டக்டர்னா சிரிக்கத்தான செய்வான், இல்லன்னா எவன் ஏறுவான்.

என்னத்தடா பாத்த நீ.

நவம்பர் 8, வெள்ளி

கெருபே அக்கா சரின்னுட்டாங்க. ஏன்னு தடியன் சொன்னான்: தீதியெர் எழுந்து, "அவன் வேண்டாம்னா அந்த இடைவெளியையும் எடுத்துடுங்க, அத வச்சிருக்கறதே அவனுக்குத்தான்"னானாம். அத எடுக்க யாருக்கும் மனசு வரல. அதனால நான் உள்ள.

பொம்போவ மாட்டினேன். வார் அதே இடத்துல அறுக்குது. சட்டைக்குள்ள துணி வைக்கணும்.

தீதியெர்கிட்ட சொன்னேன். "28ஆம் தேதி அந்த மூணு அடிய நான் அடிக்கப் போறேன். நான் சாகலன்னு ஊருக்கே தெரியட்டும்."

அவனும் இட்செலும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"உன் இடம். அடி"ன்னான்.

"என்ன பார்வை அது?"

"ஒண்ணுமில்ல"ன்னா இட்செல். "நீ பஸ் ஏறினதுக்கப்புறம் ஒரு 28கூட வந்ததில்லல்ல? வந்து பாரு."



நவம்பர் 15, வெள்ளி

பயிற்சியில அந்த இடத்துல அடிச்சேன். சுத்தமா விழுந்துச்சு. நல்லா இருந்துச்சுன்னு யாரும் சொல்லல. தடியன் மட்டும் என்னவோ தொலைச்சவன் மாதிரி பாத்தான்.

நவம்பர் 20, புதன்

ரெய்னால்தோவுக்கு 28ஆம் தேதி கடற்கரைக்கு ஒரு குடும்பத்தோட சவாரி. நான் வரலன்னேன்.

"எத்தன நாளு?"

"ஒரு நாள்."

"ஒரு வாரம்னு ஏறி மூணு வருஷமா நிக்குற. நீ ஒரு நாள்னா அது எத்தன வருஷம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திட்டினாரு. அப்புறம் தன் மச்சினனக் கூப்பிட்டுட்டாரு. இறங்கறப்ப, "கறுப்பு ஷூ இருக்கா?"ன்னு கேட்டாரு. இல்ல. அவரோடது எனக்கு ஒரு சைஸ் பெருசு. வாங்கிட்டு வந்தேன்.

நவம்பர் 27, புதன்

அடிப்பேன். அவ்வளவுதான்.

நவம்பர் 28, வியாழன்

சர்ச்சுக்கு எதிர்த்த நடைபாதையில உக்காந்து எழுதுறேன். முதல் சுத்து முடிஞ்சுது. ஷூக்குள்ள தண்ணி. கையெழுத்து கோணலா இருந்தா அதுக்கு இட்செல் கொடுத்த பேனாதான் காரணம்.

அடிக்கல.

மெயின் ரோட்டுல திரும்பினோம். ரெண்டு பக்கமும் கூட்டம், குடை, நாற்காலி, தோள் மேல குழந்தைங்க. அந்த இடம் வந்துச்சு. குச்சிய ஓங்கிட்டேன். இறக்கப் போறேன் — மொத்தத் தெருவும் கை தட்டுச்சு. மூணு தட்டு. பட், பட், பட். சரியா என் வேகத்துல. குடைய அக்குள்ல இடுக்கிட்டுத் தட்டுறாங்க. ராஸ்பாடோ விக்கிறவன் ஐஸ் சுரண்டுறத நிறுத்திட்டுத் தட்டுறான்.

குச்சி மேலயே நின்னுச்சு.

அடுத்த தடவையும். அதுக்கடுத்த தடவையும். கடைசி வரைக்கும் ஓங்கினேன், அடிக்கல. நான் கைமீட்டோல மீன் பாத்துட்டு நின்ன வருஷமெல்லாம் இவங்க தட்டியிருக்காங்க. அங்க என்ன இருந்துச்சுன்னு இவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. அங்க நான் அடிச்சா அது அவங்ககிட்டேருந்து பிடுங்குற மாதிரி ஆயிடும்.

முன்னாடி தீதியெர் திரும்பிப் பாத்தான். அந்த ஒரு தடவதான். பல்லு தெரிஞ்சுது.

இப்ப சித்த முன்னாடி பஸ்ல பாத்த அந்தப் பையன் வந்தான், ஸ்கூல் பேண்டு சட்டையில. என் மடியில இருந்த பொம்போவப் பாத்தான், என்னப் பாத்தான்.

"அண்ணே. அந்த ஒல்மெதோ அண்ணன் நெஜமாவே செத்துட்டாரா?"

"யாரு சொன்னா? ஒரு வாரத்துல வரேன்னு போனான். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அவன் இன்னும் என்னவோ கேக்க வாயத் திறந்தான். அதுக்குள்ள சர்ச் முன்னாடி ரெண்டாவது தடவை வாசிக்கச் சொல்லிட்டாங்க. கெருபே அக்கா ஆள எண்ணுறாங்க. "டேய் செத்தவனே, எந்திரிடா"ங்குறான் தீதியெர். போகணும்.