மணி அடிக்காத சுற்று

ஜூன் 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

பயிற்சி முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் கடிதம். அறையில் இரும்புக் கட்டில், சைக்கிளை மாட்ட சுவரில் ஒரு கொக்கி. கால் நன்றாக இருக்கிறது. மனசுதான் குழம்பிக் கிடக்கிறது.

நமக்குக் கல்யாணமானதிலிருந்து ஒன்பது வருஷமாகப் பந்தயத் தடத்தின் ஓரத்தில் நின்று, இன்னும் எத்தனை சுற்று என்று பலகையில் காட்டுகிறீர்கள். குனிந்து மிதிக்கிற எனக்கு அது மட்டும்தான் கண்ணில் படும். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. போன மாதம் அணித் தேர்வில் மட்டும், இரண்டு சுற்று மீதி இருக்கும்போது ஏன் ‘1’ காட்டினீர்கள்? ஜெயித்துவிட்டேன் என்று கையைத் தூக்குகிறேன், அப்போதுதான் கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கிறது. மூன்று பேர் தாண்டிப் போனார்கள். 28-ஆம் தேதி மறுதேர்வு. அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. அதற்குள் பதில் வேண்டும்.

உங்கள் அவசரக்குடுக்கை

ஜூன் 8

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

“கணக்கு வாத்தியாருக்கே கணக்கு தப்பிடுச்சாமே” என்று பள்ளிக்கூடத்தில் ஒரே கேலி. நானும் சிரித்து வைத்தேன். ஒன்றுமில்லை, ஒரு தும்மல் வந்தது, நீ கடந்து போனதைக் கவனிக்காமல் ஒரு சுற்றை விட்டுவிட்டேன். மன்னித்துவிடு. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. 28-ஆம் தேதிக்குப் பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் வாத்தியார்

ஜூன் 12

வாத்தியாருக்கு,

யாரிடம் கதை விடுகிறீர்கள்? ஒரு சுற்றை எண்ணாமல் விட்டால் பலகையில் ஒன்று கூடுதலாக இருக்கும். குறைவாக எப்படி இருக்கும்? இந்தக் கணக்கு எனக்கே தெரிகிறது. உண்மையைச் சொல்லுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

ஜூன் 17

அன்புள்ளவளுக்கு,

தும்மல் பொய்தான்.

போன வருஷம் நீ விழுந்து தோள் எலும்பு முறிந்த அதே வளைவில், உன் பின்சக்கரம் வழுக்கியதைப் பார்த்தேன். நீ சமாளித்துக்கொண்டாய். என் கை ‘1’-ஐத் தூக்கிவிட்டது. பயத்தில் தூக்கியதா, வேண்டுமென்றே தூக்கியதா? சத்தியமாக எனக்கே விளங்கவில்லை. நீ தேர்வாகிவிட்டால் இன்னும் நான்கு வருஷம் இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்று நினைத்தது உண்மை. நான் வரவேண்டாம் என்றால் சொல்லிவிடு.

உன் வாத்தியார்

ஜூன் 22

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே பொறுக்கி நீவி வைத்தேன்.

நானும் ஒன்றை மறைத்தேன். கடைசிச் சுற்று தொடங்கினால் மணி அடிக்கும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்கள் ‘1’ காட்டியபோது மணி அடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இருந்த மூச்சையெல்லாம் அந்தச் சுற்றிலேயே கொட்டிவிட்டேன். மணியைவிட உங்கள் கையை நம்பினேனா, இல்லை எனக்கும் எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்ததா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

28-ஆம் தேதி கட்டாயம் வாருங்கள். பலகை வீட்டிலேயே இருக்கட்டும். மேல் வரிசையில் எல்லாரோடும் உட்காருங்கள், சுற்றை நானே எண்ணிக்கொள்கிறேன். அந்த வளைவு வரும்போது பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் திறந்தால் போதும்.

உங்கள் அவசரக்குடுக்கை