ஒன்பதாம் கட்டில்

மார்ச் 3, செவ்வாய்

காலை வார்டு சுற்று எட்டரை முதல் பத்தேகால் வரை. பதினோரு நோயாளிகள். வீட்டுக்கு வந்தபின் கைப்பேசியில் இருபத்து மூன்று செய்திகள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதியாயிற்று. இரண்டு எக்ஸ்ரே, ஒரு இ.சி.ஜி., மீதியெல்லாம் ரத்தப் பரிசோதனைத் தாள்களைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படங்கள். ஒரு படத்தில் சோடியம் அளவின் மேல் யாருடைய கட்டைவிரலோ இருந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன்.

நான் ஒற்றை விரலால் தட்டி, படித்துப் பார்த்து, இன்னொரு முறையும் படித்துப் பார்த்து அனுப்புகிறவன். "ஏங்க, ரெண்டு வரி எழுத இவ்வளவு நேரமா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குப் போட்ட லெட்டரே இதைவிடச் சீக்கிரம் வந்துச்சு" என்றாள் மனைவி. அந்தக் கடிதங்களையும் நான் இரண்டிரண்டு முறை எழுதினேன் என்பது அவளுக்குத் தெரியாது.

மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒழுங்கு இருக்கிறது. முன்பெல்லாம் நோயாளியின் பெயர், வயது, சில சமயம் முகமும் தெரிய அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் பரிசோதனைத் தாள் எப்படியோ கைமாறிக் கைமாறி அவளுடைய மாமியாரிடமே போய்ச் சேர்ந்தது. அதன்பின் நடந்த கூட்டத்தில் நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன்: பெயர் வேண்டாம், கட்டில் எண் மட்டும் போதும். எழுபத்தொரு வயதில், கேட்காமல் நானாக எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. ஏற்றுக்கொண்டார்கள். ஆறு மாதமாக அதுவே நடைமுறை.

மார்ச் 5, வியாழன்

முட்டி வலி. பதினேழு செய்திகள்.

மார்ச் 6, வெள்ளி

மதியம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது ஐந்தே முக்கால். ஒன்பதாம் கட்டிலுக்குச் சர்க்கரை 412 என்று நாலு மணிக்கே வந்திருந்தது. தாமதமாகிவிட்டதே என்று உடனே எழுதினேன்: ஒன்பதாம் கட்டில், ரெகுலர் இன்சுலின் பதினான்கு யூனிட், இப்போதே; ஒரு மணி நேரத்தில் சர்க்கரை பார்த்துச் சொல்லவும். படித்துவிட்டதற்கான நீலக் கோடுகள் விழுந்தன. வேறு ஆறு செய்திகளுக்குப் பதில். பிறகு பூங்காவில் மூன்று சுற்று.

மார்ச் 7, சனி

நிதானமாக எழுத வேண்டும். நேரப்படி.

நேற்று 4.10 — பகல் டூட்டி டாக்டர் ஒன்பதாம் கட்டில் அம்மாளின் சர்க்கரை அளவை எனக்கு அனுப்புகிறார்.

4.30 — அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அம்மாளை நாலாம் கட்டிலுக்கு மாற்றுகிறார்கள்.

5.00 — டூட்டி மாறுகிறது. ஏ.சி.யும் சரியாகிவிடுகிறது.

5.20 — காய்ச்சலோடு வந்த வேறொரு அம்மாளை ஒன்பதில் படுக்க வைக்கிறார்கள். ஒரு தையற்காரரின் மனைவி. சர்க்கரை நோயே இல்லாதவர். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர். சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம்.

5.47 — என் செய்தி.

மாலை டூட்டி டாக்டர் அதைப் படித்துச் சொல்ல, சிஸ்டர் ஊசி போட்டிருக்கிறார். அடுத்த ஐந்தாவது நிமிடம் வேன் கவிழ்ந்து அடிபட்ட ஏழு பேர் வந்து சேர, எல்லாரும் அங்கே ஓடிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சர்க்கரை பார்க்க ஆளில்லை. கணவர் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். "நல்லா வேர்த்துச்சு. காய்ச்சல் விடுதுன்னு சந்தோஷப்பட்டேன்" என்றாராம். எட்டரைக்கு எழுப்பினால் எழவில்லை. சர்க்கரை 19.

ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்திருக்கிறது. ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

இன்று காலை நான் போனபோது நாலாம் கட்டில் காலி. நேற்றைய கலவரத்தைப் பார்த்துப் பயந்து, விடிந்ததுமே வீட்டார் அந்த அம்மாளை வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார்களாம்.

சர்க்கரை பார்த்துச் சொல்லச் சொன்னேன், பதில் வரவில்லை. வராவிட்டால் நான் கேட்பேன். என் வழக்கம் அது. நேற்று கேட்கவில்லை. ஏன்? தெரியவில்லை. பூங்கா, குளியல், சாப்பாடு, தூக்கம். நன்றாகத்தான் தூங்கினேன்.

மார்ச் 9, திங்கள்

தலைமை மருத்துவர் குழுவில் இருந்த டாக்டர்களையெல்லாம் தன் அறைக்குக் கூப்பிட்டார். மருத்துவமனை அவருடையது, என்னைவிட இருபது வயது இளையவர். கதவைச் சாத்தினார்.

"கேஸ் ஷீட்ல இன்சுலினே எழுதலை. எழுதாத மருந்தை சிஸ்டர் போட்டிருக்காங்க. அவ்வளவுதான் நடந்தது. குரூப்பை இன்னைக்கே கலைச்சிடறேன். எல்லாரும் அவங்கவங்க போன்லயும் அழிச்சிடுங்க. சார், உங்களுக்கு அழிக்கத் தெரியுமா? இல்ல, யாரையாவது பண்ணித் தரச் சொல்லவா?"

"தெரியும்" என்றேன். அழிக்கத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு ரோஷம் இருந்தது. அந்த நேரத்தில்கூட.

மாலை டூட்டி டாக்டர் அழுதுகொண்டிருந்தார். சின்ன வயது. யாரும் அவரைப் பார்க்கவில்லை.

வெளியே சிஸ்டர் தன் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் அந்த வார்டில் இருந்தவர். ஒரு டம்ளர், ஒரு சீப்பு, ஒரு ஜோடி செருப்பு. ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது.

"எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்கணும் சார். போன்ல வந்தா போட்டுடறதுன்னு பழகிப்போச்சு." பிறகு, குரலைத் தாழ்த்தி: "உங்க மெசேஜ் இருக்கும்ல சார்?"

'இருக்கும்' என்றேனா, 'பார்க்கிறேன்' என்றேனா? நினைவில்லை. தலையை மட்டும் ஆட்டியிருக்கவும் கூடும்.

மார்ச் 10, செவ்வாய்

அழிக்கவில்லை. காட்டவும் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

தையற்காரரின் மனைவியை இப்போது தனி அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தேன். கண்மணி சுருங்குகிறது. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.

"நீங்க வந்து பாத்தாலே ஒரு தெம்பு டாக்டர். மத்தவங்க எல்லாம் வாசல்லயே நின்னு தலையாட்டிட்டு ஓடிடறாங்க" என்றார் கணவர். பிறகு என் சட்டையைப் பார்த்தார். "அந்தப் பட்டன் விழப்போவுது. இருங்க."

பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, சட்டையைக் கழற்றவிடாமல், நின்ற வாக்கிலேயே தைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவருடைய தலை என் நெஞ்சுக்கு அருகில் இருந்தது. கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இனிமே சட்டை கிழிஞ்சாலும் இது விழாது."

ஏதாவது தோன்றியிருக்க வேண்டும் எனக்கு. பட்டன் உறுதியாக இருக்கிறது என்று மட்டுமே தோன்றியது.

மார்ச் 16, திங்கள்

விசாரணைக் குழு. மூன்று பேர், மூன்று பேருமே நம் மருத்துவமனை ஆட்கள்.

"கேஸ் ஷீட்ல நீங்க இன்சுலின் எழுதினீங்களா சார்?"

"இல்லை."

"வேற யாராவது எழுதியிருக்காங்களா?"

"இல்லை."

"அவ்வளவுதான் சார். உங்களைச் சிரமப்படுத்திட்டோம்."

இரண்டு கேள்வி, இரண்டு உண்மை. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டதற்குத்தானே பதில் சொல்ல முடியும்? கைப்பேசி சட்டைப்பையில் இருந்தது.

மார்ச் 18, புதன்

சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "இன்னைக்கு எதுலயும் உப்பே போடலை. கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன். மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க. என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும், நேரப்படி. அவள் குறுக்கே பேசவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் அது அபூர்வம்.

"அந்த சிஸ்டர் வீட்ல யார் யாரு இருக்கா?"

"தெரியாது."

"பத்தொன்பது வருஷமா கூட வேலை பாத்திருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 21, சனி

விசாரணைக் குழுவுக்குக் கடிதம். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். 'செய்தி அனுப்பப்பட்டது', 'ஊசி செலுத்தப்பட்டது', 'தவறு நேர்ந்துவிட்டது'. மூன்று தாளிலும் யாருமே எதையும் செய்யவில்லை. கிழித்துவிட்டேன்.

எதற்குப் பயப்படுகிறேன்? வேலை போனால் பட்டினியா கிடக்கப்போகிறேன்? பெயர் கெட்டுவிடும். எந்தப் பெயர்? யாருக்குத் தெரியும் என்னை? ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. இதுவும் ஒரு குணம்போல ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன். குழுவிடம் அல்ல, தையற்காரரிடம். திட்டமிட்டுப் போகவில்லை என்று எழுத நினைத்தேன். பொய். செய்திகளைக் கடையில் அச்செடுத்து, உறையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

"அந்த ஊசியைப் போடச் சொன்னது நான்" என்றேன்.

"சிஸ்டர் ஆளை மாத்திப் போட்டுட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"கட்டில் நம்பர் போட்டு எழுதினது நான். பேர் எழுதலை. யாருமே பேர் எழுத வேணாம்னு சொன்னதும் நான்தான். இதுல எல்லாம் இருக்கு."

அவர் தாள்களை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டார். படித்தாரா என்று தெரியவில்லை. மனைவியின் கால்மாட்டில் போர்வை விலகியிருந்தது. எழுந்துபோய் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றுகொண்டிருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்ப அந்த ஊசி, முன்னாடி அந்தக் கட்டில்ல இருந்தாங்களே, அந்த அம்மாவுக்கு வரவேண்டியதா?"

"ஆமா."

"அவங்க பை அந்தக் கட்டில்லயே தங்கிடுச்சு. நான்தான் நாலாம் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். தாகமா இருக்குன்னு தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவங்களுக்கு அப்புறம் போட்டாங்களா டாக்டர்?"

எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு நாள் ஆயிற்று. ஒருவரிடமும் நான் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

"பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். கோபமில்லை. ஒரு வேலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மார்ச் 25, புதன்

ரெக்கார்டு அறையில் அந்த அம்மாளின் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். மார்ச் ஆறாம் தேதி, சிஸ்டரின் குண்டு குண்டான கையெழுத்து:

'இரவு 8.50. சர்க்கரை 438. டாக்டரிடம் எழுத்தில் ஆர்டர் வாங்கியபின் இன்சுலின் போட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். 9.50. சர்க்கரை 330. 10.50. சர்க்கரை 246.'

எல்லாரும் ஐ.சி.யூ. வாசலில் கூடி நின்ற நேரம் அது. இவர் ஒருவர்தான், அப்படியானால் அந்த ஊசிக்கு உரியவர் எங்கே என்று தேடிப் போயிருக்கிறார். மருந்தை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார். மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்திருக்கிறார்.

தையற்காரரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

மார்ச் 27, வெள்ளி

கடிதம் கொடுத்தாயிற்று. ஒன்றரைப் பக்கம். 'நான் எழுதினேன்', 'நான் கேட்கத் தவறினேன்', 'விதியை முன்மொழிந்தது நான்'. செய்திகளின் நகல், கேஸ் ஷீட்டின் நகல்.

தலைமை மருத்துவர் கடைசிவரை படித்தார். "இந்த வயசுல இது தேவையா சார்? சிஸ்டருக்கு ஏதாவது பண்ணிக் குடுத்துடலாம்னு நெனச்சிருந்தேன். இப்ப நீங்க எல்லாரையும் தெருவுக்கு இழுக்கறீங்க."

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டும் என்றேன். குரல் கீச்சென்று வந்தது. போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

திங்கள் முதல் வரவேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து போன். சரி என்றேன். நன்றி என்றும் சொல்லிவிட்டேன், பழக்கதோஷம்.

ஏப்ரல் 11, சனி

தையற்காரர் மனைவியை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. விலாசம் கேட்டு வாங்கினேன். போகவில்லை.

கைப்பேசி காலையிலிருந்து மூன்று முறை ஒலித்தது. மூன்றும் விளம்பரம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பதினொரு மணிக்குப் பதிவுத் தபால். மருத்துவக் கவுன்சிலிலிருந்து. மனுதாரர், தையற்காரர். நான் கொடுத்த தாள்களைத்தான் இணைத்திருக்கிறார். எதிர்த்தரப்பில் மூன்று பேர்: நான், தலைமை மருத்துவர், மாலை டூட்டி டாக்டர். என் பெயர் முதலில் இருக்கிறது. சிஸ்டரின் பெயரைத் தேடினேன். இரண்டாம் பக்கத்தில், சாட்சிகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பெயருக்கு நேரே, பழைய வார்டிலேயே பணியில் இருப்பதாகக் குறித்திருந்தார்கள்.

இரண்டு முறை படித்தேன். பதில் எழுத முப்பது நாள் தவணை.

"யாருக்குங்க தபால்?" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

"எனக்குத்தான்" என்றேன்.