மோட்டார் சத்தத்தில் மூன்றாவது பாட்டு

பிப்ரவரி 11, திங்கள்

கிழக்குக் காற்று, நாலாவது நாள். சோற்றிலும் மண்.

இந்த எல்.பி. இசைத்தட்டின் பாட்டுகளை வரிசை போட்டவன் அயோக்கியன். எட்டு மாதம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பாடியவர்கள் மேல் தப்பில்லை. ஒன்பதும் நல்ல பாட்டு. அடுக்கியவன் கெடுத்துவிட்டான்.

தட்டு உண்ணியுடையது. மலையாள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டை ஒட்டி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவன் அண்ணனுக்குக் கப்பலில் வேலை, எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்தது. மேல் அட்டை தொலைந்துவிட்டது. நடுவில் ஒட்டியிருந்த காகிதமும் உரிந்துவிட்டது. யார் பாடியது, பாட்டுக்கு என்ன பெயர், ஒன்றும் தெரியாது. நாங்களே வைத்த பெயர்கள்:

ஒரு பக்கம்: லாரி, ரயில், ஒற்றைக் கிட்டார், மணி, சண்டை.
மறு பக்கம்: கிழவன், சிரிப்பு, இடி, பத்து நிமிஷம்.

ரயில் ஓடி நின்ற உடனே ஒற்றைக் கிட்டார். ஒரு ஆள், ஒரு கிட்டார், முனகல். ஏறின சூடெல்லாம் இறங்கிவிடுகிறது. அது கடைசியில் வரவேண்டிய பாட்டு. இன்று ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து என் வரிசையில் போட்டுப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "அதென்ன கண்ணு, நாத்துப் புடுங்கி நடற மாதிரி," என்றாள். ரேடியோகிராம் அக்கா கல்யாணத்தின்போது வந்தது. ரேடியோவும் தட்டுச் சுற்றும் மெஷினும் ஒன்றாக, இரண்டு ஆள் தூக்க வேண்டிய பெட்டி. சத்தம் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது, அப்பா உத்தரவு.

மாரி வழக்கம்போல வெளியே, ஜன்னலை ஒட்டிய மோட்டார் ரூம் படியில். மாரிமுத்து என்னோடு பக்கத்துச் சித்தூர் காலேஜில் பி.ஏ. முடித்தவன். அவன் அப்பா எங்கள் கடலைக் காட்டில் வேலை செய்கிறார். கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மாரி கேட்டு வாங்கிக்கொண்டதே ஜன்னல் வழியாகப் பாட்டுக் கேட்கத்தான்.

போகும்போது, "இந்த வரிசை சரிப்படாதுங்க, சின்னவருங்க," என்றான். அப்பா களத்தில் இருந்தார். அப்பா இல்லாத இடமாக இருந்தால், "போடா, உனக்குக் காதே இல்லை," என்றிருப்பான்.

பிளேடு வாங்க வேண்டும்.


பிப்ரவரி 12, செவ்வாய்

உண்ணி கடை. மூன்று பேர், ஒரு பெஞ்ச். செக்போஸ்டில் நிற்கும் லாரிகளின் ஹாரன்.

உண்ணியின் கட்சி: இது பாட்டே இல்லை. "எடா, எங்க சேட்டன் ஏமாந்து வாங்கினது இது. நீங்க ரெண்டு பேரும் அதுக்கு வக்காலத்து." தட்டைச் சூடு காட்டி வளைத்துப் பூச்சட்டி ஆக்கலாம் என்கிறான்.

மாரியின் கட்சி: லாரியில் ஆரம்பிப்பது சரி. சிரிப்பை முன்னால் கொண்டு வா. இடியில் முடி.

இடியில் முடித்தால் கேட்டவனுக்குக் காது அடைத்துவிடும் என்றேன்.

"அடைக்கட்டும்டா. கேட்டு முடிச்சு எந்திரிக்கறப்ப வேற சத்தமே காதுல உழுகக் கூடாது," மாரி.

"உங்க வீட்டு மோட்டார் சத்தமுமா?" உண்ணி.

"அதுதான் மொதல்ல."

சிரித்தோம். பிறகு பத்து நிமிஷத்தைப் பற்றிச் சண்டை. அதில் கடைசி மூன்று நிமிஷம் வெறும் இரைச்சல், வெட்டி எறி என்றேன். இரைச்சலை வெட்டினால் உன் காலேஜ் பிரசங்கத்தில் என்ன மிஞ்சும் என்றான் மாரி.

உண்ணி தீர்ப்புச் சொல்கிறேன் என்று ஆளுக்கொரு காகிதம் கொடுத்தான். வேலைக்கு அபேட்சை எழுத நான் வாங்கி வைத்திருந்த காகிதம்தான். அவரவர் வரிசையை எழுதிக் கொடுத்தோம். என்னுடையதில் ஒன்பது. மாரியுடையதில் எட்டு.

"ஒற்றைக் கிட்டார் எங்க போச்சு?" உண்ணி.

மாரி, "இவன் அப்படி ஒண்ணைச் சொல்லிட்டே இருப்பான். நான் ரயிலோட வாலைச் சொல்றான்னு இருந்தேன். ரயில் முடிஞ்சு கொஞ்ச நேரம் தட்டு சும்மா சுத்துமே. அப்பறம் மணி," என்றான்.

சும்மா சுற்றவில்லை, அங்கே நாலு நிமிஷம் ஒரு பாட்டு இருக்கிறது என்றேன்.

"அங்க ஒண்ணும் இல்லை," என்றான். அடித்துச் சொன்னான். அந்த வெறும் இடம்தான் தட்டிலேயே நல்ல யோசனை, ரயில் போன பிறகு ஸ்டேஷன் அப்படித்தான் இருக்கும் என்றான்.

உண்ணி ஸ்டூலிலிருந்து விழப்போனான். "முழுசும் கேக்காமயாடா எட்டு மாசம் தர்க்கம்?"

மாரி தன் காகிதத்தைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வந்த டீயைத் தொடவில்லை.

உண்ணியின் அண்ணன் மறுபடி கப்பலுக்குப் போகிறாராம், தட்டோடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்ப வேண்டும்.


பிப்ரவரி 13, புதன்

காற்று கொஞ்சம் குறைவு. ஒன்பது மணிக்குக் கரண்ட். மாரி வரவில்லை, மோட்டாரை நானே போட்டேன். அம்மாவை ஊசி வைக்கச் சொல்லிவிட்டு மாரி உட்காரும் படியில் போய் உட்கார்ந்தேன். முதல் தடவை.

லாரி கேட்டது. ரயில் கேட்டது. பிறகு மோட்டார். மோட்டார் மட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதை வைத்தேன். மோட்டார். அப்புறம் மணி.

கரண்ட் இருந்தால்தான் ரேடியோகிராம் பாடும். கரண்ட் வந்தால் அப்பா முதலில் மோட்டாரைப் போடச் சொல்வார், கடலைக்குத் தண்ணீர். ஆகவே பாட்டு இருக்கும்போதெல்லாம் மோட்டாரும் இருக்கும். வெளியே உட்கார்ந்தவனுக்கு அந்தப் பாட்டு கிடையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம்.

அவன் ஏன் வெளியே? சாதி. வேறு வார்த்தை தேட வேண்டாம். காலேஜில் ஒரே பெஞ்ச். உண்ணி கடையில் ஒரே பெஞ்ச். இங்கே ஜன்னல். காலேஜ் மேடையில் சமத்துவம் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். ஊரில் எல்லாரையும் திட்டி நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறேன். மிராசுகள், அதிகாரிகள், கோயில் கமிட்டி. இந்த ஜன்னலைப் பற்றி ஒரு வரி இல்லை.

கோபம் வரும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. கால் மரத்துப்போன மாதிரி.

மதியம் தூங்கினேன்.


பிப்ரவரி 14, வியாழன்

மாரி வந்தான். "சின்னவருங்க" என்றான், அதோடு சரி.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். மூன்றாவது பாட்டு வரும்போது கை காட்டுகிறேன், மோட்டாரை நிறுத்து, நாலு நிமிஷம்தான்.

நிறுத்தினான். இந்த வீட்டில் இவ்வளவு அமைதி நான் கேட்டதில்லை. கிட்டார் ஆரம்பித்தது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் முகம். அரை நிமிஷம் இருக்கும். காட்டிலிருந்து அப்பாவின் குரல்.

"ஏண்டா மாரி, தண்ணி நின்னு போச்சு. கரண்டு போயிருச்சா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"பாட்டுக் கேக்கறதுக்கு நிறுத்துனனுங்க."

அப்பா வந்தார். திட்டவில்லை. "பாட்டுக் கேக்கறவனுக்கு இங்கெ என்ன வேலை? நாளைக்கு உங்கப்பனை வரச் சொல்லு," என்றார். தானே மோட்டாரைப் போட்டார்.

நிறுத்தச் சொன்னது நான் என்று நான் சொல்லவில்லை. ரேடியோகிராம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாரியும் சொல்லவில்லை. மணி ஆரம்பித்தது.


பிப்ரவரி 15, வெள்ளி

மோட்டார் ரூமில் மாரியின் அப்பா. என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

சவரம். சட்டைக்குப் பொத்தான். தபால் எதுவும் இல்லை.

சாயங்காலம் செக்போஸ்ட் டீக்கடையில் மாரி. நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லி?"

"நீ திரும்பி வரலாம்."

"எங்க, அந்தப் படிக்கா?"

லாரி ஒன்று நகர்ந்தது. தூசி விழாமல் டீ கிளாஸைக் கையால் மூடினான்.

"அரை நிமிஷம் கேட்டேன்டா," என்றான். "நீ சொன்னது சரியா இருந்தாலும் இருக்கும். கடைசியில போட வேண்டியதோ என்னமோ. ஆனா பாதியைக் கேட்டுட்டு நான் எப்படி ஒத்துக்கறது?"

பிறகு, "எட்டு மாசம் எங்கிட்ட மல்லுக்கட்டுனியே நடராஜு. ஒரு நாள், உள்ள வந்து கேளுடான்னு சொன்னியா?"

"அப்பா இருக்கும்போது..."

"உங்கப்பனை நான் கேக்கலை."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஏறவில்லை, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனான்.


பிப்ரவரி 16, சனி

கரண்ட் இல்லை. மோட்டார் இல்லை, பாட்டும் இல்லை.

அப்பாவிடம் பேச மூன்று தடவை எழுந்தேன்.
காலை: கடலையில் பூச்சி விழுந்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
மதியம்: மாமா வந்திருந்தார்.
சாயங்காலம்: கண் மூடியிருந்தார்.
மூன்றும் நல்ல காரணங்கள்.

தட்டைத் துணியால் துடைத்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சத்தமான பாட்டுகள் சொரசொரப்பாகத் தெரிகின்றன. மூன்றாவது மட்டும் வழுவழு. ஒரு விரல் அகலம். பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

அம்மா, "சாப்பிட வா சாமி, எத்தனை தடவை கூப்படறது," என்றாள். சாப்பிட்டேன். என்ன குழம்பு, ஞாபகம் இல்லை.


பிப்ரவரி 17, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. பத்தேகாலுக்குக் கரண்ட். உடனே மோட்டார்.

கூடத்தில் அப்பா, நாற்காலியில், பேப்பரோடு. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன், உண்ணியிடம் கொண்டுபோக.

மாரி வந்தான். மோட்டார் ரூம் பக்கம் போகவில்லை. நேரே முன்வாசல். துவைத்த சட்டை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "என்ன மாரி?"

"உங்களைப் பாக்க வரலீங்க."

பையிலிருந்து செவ்வாய்க்கிழமைக் காகிதத்தை எடுத்துப் பிரித்தான். என்னைப் பார்த்தான். அப்பா முன்னால் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"நடராஜு. ஒரு பாட்டுக்கு எடம் விட்டு வச்சிருக்கறேன். முழுசாக் கேட்டுட்டுத்தான் எழுதுவேன். தட்டைப் போடு. நான் உள்ள வந்து கேக்கறேன்."

அம்மாவின் முறம் நின்றது. அப்பா அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுற்றிய காகிதத்தின் ஒரு முனையை என் விரல் பிரித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லிப் பிரித்த மாதிரி இல்லை.

மாரி ஒரு காலைப் படியில் வைத்தான். இன்னொரு கால் மண்ணில்.

"வான்னு சொல்லு," என்றான்.