வலது கைக்குக் கிளிசரின், இடது கைக்கு எண்ணெய்

1981 ஜனவரி 5, திங்கள்

விடியலில் பனி. எட்டு மணிக்குள் காற்று காய்ந்துவிட்டது. கல்லூரி திறப்பு. இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்குப் பருமனறி பகுப்பாய்வு. ஒருத்தி பியூரெட்டை உடைத்தாள், நான் திட்டவில்லை என்று மற்றவர்களுக்கு ஆச்சரியம்.

கைகள் மோசம். வலது கட்டைவிரலில் இரண்டு வெடிப்பு, ஆள்காட்டி விரலில் ஒன்று. இடது கையில் இரண்டு. பட்டுப்புடவை மடித்தால் இழை மாட்டிக்கொள்கிறது. வெடிப்பு எரிகிறது. நுனிகளோ மரத்துக் கிடக்கின்றன.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். நம்பிக்கை இல்லை. சோதிக்காமல் மறுப்பதும் முறையல்ல. இன்று முதல்:

வ. கை: கிளிசரினும் பன்னீரும், சரிபாதி.
இ. கை: தேங்காய் எண்ணெய்.

மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. அதே தண்ணீர், அதே சாக்பீஸ், வீட்டுக்குள் நுழைந்ததும் அதே கார்பாலிக் கரைசலில் கழுவல். (ஆய்வகத்துப் புட்டியிலிருந்து நானே கலந்தது. தீபாவளிக்கு முன் ஒரு வெடிப்பு சீழ் வைத்ததிலிருந்து பழக்கம்.)

6, செவ்வாய்

பஸ் நிறுத்தச் சுவரில் அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. உணர்ச்சியற்ற தேமல். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு முறை எழுதிவிடுகிறேன். எனக்குத் தொழுநோயோ என்று பயம். இனி இங்கே ‘தொ.’

ஆதரவாக: மரத்துப்போன விரல் நுனிகள். கொண்டை ஊசியால் குத்தினேன், ஆள்காட்டி விரலில் அழுத்தம் தெரிகிறது, குத்தல் தெரியவில்லை.
எதிராக: தேமல் இல்லை. முதுகைப் பார்க்க முடியவில்லை.

தம்பியின் குழந்தைக்கு ஐந்து மாதம். அவளைத் தொட்டு மூன்று வாரம் ஆகிறது. தம்பிக்கும் அவன் மனைவி கலாவுக்கும் காரணம் சொல்லவில்லை. கரைசலைச் சற்று வலுவாகக் கலந்தேன். இன்று எட்டு முறை கழுவினேன்.

சலவைக்காரரிடம் நீல வாயில் புடவையைக் கேட்க வேண்டும்.

8, வியாழன்

வ. கை, இ. கை இரண்டிலும் முன்னேற்றம் இல்லை.

கனகசெட்டிக்குளத்திலிருந்து காலை பஸ்ஸில் மீன் கொண்டுவரும் அஞ்சலை, நான் தட்டை நீட்டும்போது கையைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா டீச்சரம்மா, கை காஞ்ச ஏரியாட்டம் வெடிச்சிக் கெடக்குது? நான் ஐசுலயும் உப்புலயும் கெடக்கறவ, எங்கையப் பாரு.”

பார்த்தேன். முள் கீறல் நிறைய. தோல் மட்டும் வழவழவென்று.

“என்ன தடவுற?”

“சோறு வடிச்ச கஞ்சி. வெதுவெதுன்னு இருக்கச்சே கைய உட்டு வச்சிருந்து, ஈரம் காயறதுக்குள்ள வெளக்கெண்ண. காஞ்ச கையில தடவுனா எண்ணதான் தண்டம்.” பிறகு மூக்கைச் சுளித்தாள். “எங்கையில மீன் நாறுது, ஒத்துக்கறேன். உங்கையில ஆஸ்பத்திரி நாறுதே?”

ஆய்வகம் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். சன்னல் வழியாகக் கலாவின் குரல்:

“அண்ணிக்கு எம்பொண்ணப் புடிக்கல அஞ்சலை. தூக்குங்கன்னா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிறாங்க. படிச்சவங்க. புடிக்கலன்னு வாயத் தொறந்து சொல்லவும் மாட்டாங்க.”

“புள்ள பெக்காதவங்களுக்குக் கூச்சமா இருக்கும், உடு.”

கூச்சம் என்றே இருக்கட்டும் என்று நினைத்தேன். மதியம் விடைத்தாள் திருத்த உட்கார்ந்து ஒரே தாளை மூன்று முறை படித்தேன். நாளை டாக்டர்.

9, வெள்ளி

அரை நாள் விடுப்பு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே இங்கே வைத்தியம் பார்க்கும் கிழ டாக்டர், தோல் மட்டும். நோயாளிப் பெண்கள் எல்லாரும் அவருக்கு மதாம்.

கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொட்டார். இரண்டு சோதனைக் குழாய்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். எது எது என்று கேட்டார். என் மாணவிகளைப் போல விழித்தேன். முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பைத் தடவினார். முதுகு பார்த்தார். கடைசியில் என் விரல்களை மூக்கருகே கொண்டுபோனார்.

“இது என்னா வாசன, மதாம்?”

“கார்பாலிக் கரைசல்.”

“எத்தனை தரம்?”

“ஆறு. சில நாள் எட்டு.”

“என்னா வேல பாக்கறீங்க?”

“கெமிஸ்ட்ரி லெக்சரர்.”

சிரித்ததில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. “மோன் தியூ, கடவுளே! தோல மரக்க வைக்கிறது அதோட குணமாச்சே. நான் உங்களுக்குச் சொல்லித் தரணுமா?”

தொ. இல்லையா என்று கேட்டேன். முழுச் சொல்லையும் வாயால் சொன்னேன்.

“தேமல் கெடையாது. நரம்பு தடிக்கல. வறட்சி, அதுக்கு மேல நீங்க ஊத்தின திராவகம். அப்படியே அது வந்திருந்தாலும் மாத்திரை இருக்கு மதாம், ஒளிஞ்சிக்க வேண்டியதில்ல. கரைசல நிறுத்துங்க. பத்து நாள்ல உணர்ச்சி திரும்பலன்னா வாங்க.”

வெளியே வந்து ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேக்கரியில் சூடான ரொட்டி வாங்கி, பைக்குள் போடாமல் கையிலேயே வைத்து நடந்தேன். உள்ளங்கையில் சூடு தெரிந்தது. நுனிகளில் இல்லை. பரவாயில்லை.

இரண்டு கைக்கும் பொதுவாக இருந்ததை நான் பார்க்கவே இல்லை. ஒரு மாணவி இப்படிச் செய்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

10, சனி

கரைசலை ஆய்வகத் தொட்டியில் கொட்டினேன். நிறைய தண்ணீர் விட்டேன்.

புதிய ஏற்பாடு. வ. கை: கிளிசரின், ஆனால் ஈரக் கையில். (காற்றில் ஈரம் இல்லாவிட்டால் தோலின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.) இ. கை: அஞ்சலை முறை. கஞ்சி, விளக்கெண்ணெய், எண்ணெய் ஒட்டாதிருக்க மேலே தம்பியின் பழைய சாக்ஸ்.

“அண்ணி, கைக்கு எதுக்கு சாக்ஸ்?” என்றாள் கலா.

சொல்லிவிட்டேன். பயம், கரைசல், டாக்டர். மூன்று வாக்கியம்.

“மூணு வாரமா ஒண்டியா வச்சிக்கிட்டு இருந்தீங்களா? நான் ஒங்களப் பத்தி என்னென்னமோ பேசிட்டேனே.”

“கேட்டேன்.”

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பும் கலந்திருந்தது. குழந்தையை நீட்டினாள். உணர்ச்சி வரட்டும் என்றேன். ஒரு டாக்டர் சொன்னது ஒரு கருத்து மட்டுமே.

13, செவ்வாய். போகி

தெருவெல்லாம் புகை, இருமல். ஊர் எல்லை மேட்டுப்பாளையத்தில் தம்பி வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டு நாள் லீவு. வீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் யோசனை சொல்கிறான்.

இ. கை தெளிவாக முன்னால். இரண்டு வெடிப்பும் மூடிவிட்டன. அஞ்சலையிடம் சொல்ல வேண்டும், அலட்டிக்கொள்வாள். வ. கை சுமார். ஊசி: இ. மூன்று விரலில் சுருக்கென்றது. வ. ஆள்காட்டி விரல், சந்தேகம்.

14, புதன். பொங்கல்

பால் பொங்கியது. பானையை இறக்கும்போது துணி நழுவி, வலது விரல்கள் பானையில் பட்டன. கத்திவிட்டேன். தம்பி ஓடிவந்தான்.

“என்னக்கா, சுட்டுடுச்சா?”

“சுட்டுடுச்சுடா” என்றேன். கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்குப் புரியவில்லை. கலாவுக்குப் புரிந்தது.

சிறு கொப்புளம், நடுவிரலில். மிகவும் எரிகிறது.

16, வெள்ளி

வெயில். காற்று குறைவு. நீல வாயில் புடவை வந்துவிட்டது, கரையில் இஸ்திரிக் கறை.

காலை ஒன்பது மணிக்குக் கலா, “அண்ணி, வெந்நி ஆறுது. கால நீட்டி ஒக்காருங்க” என்றாள். மணை, எண்ணெய்க் கிண்ணம், எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். நான் சரி என்று சொல்வதற்குள் குழந்தை என் கால்மேல் குப்புறக் கிடந்தாள்.

“கை இன்னும் சொரசொரன்னு இருக்கும் கலா.”

“அவளுக்கு முதுகு சொறிஞ்சாப்பல இருக்கும். தேயுங்க.”

ஒரு கையால் தேய்க்கப் பார்த்தேன். முடியாது. வழுக்குகிறாள். வ. கைக்குக் கிளிசரின் இன்று இல்லை, இரண்டிலும் எண்ணெய். சோதனை கெட்டது.

பிடரியில் மெல்லிய முடி, வியர்வை. வலது ஆள்காட்டி விரல் நுனியில் தெரிந்தது.