உருண்டை ஷாஃப்டில் ஒரு பேர்

அன்புள்ள அறைத்தோழிக்கு,

நலம்தானே? அந்த ஊர்க் குளிர் உன் மூக்கை என்ன பாடுபடுத்துகிறதோ. முன்பு எழுதிய கடிதங்கள் கிடைத்தனவா?

எங்கள் பட்டறையில் பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டு, அதுதான் ஷாஃப்ட், செய்கிறோம். அதில் எண் பொறிக்க லேசர் மெஷின் வாங்கப் போகிறார்கள். அங்கே பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான் என்பதால், எது சரி என்று சொல்லும் பொறுப்பை முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "தையல் மெஷினாடி? நல்லா ஓட்டிப் பார்த்து வாங்கு" என்றாள். வீட்டில் வேறு யாரிடம் கேட்பது?

நேற்று முதலாளியும், லேத் ஓட்டும் கடைசல்கார அண்ணனும், நானும் மெஷின் விற்பனைக்காரரிடம் போனோம். தட்டையான தகட்டில் எழுதிக் காட்டினார், அச்சடித்தது போல இருந்தது. கடைசல்கார அண்ணன் மகள் பேரைப் போடச் சொன்னார். முதலாளி தன் பேரையே போட்டுக்கொண்டார். "மேடத்துக்கு யார் பேரு?" என்று கேட்டபோது என் வாயில் உன் பேர்தான் வந்தது. தகடு தீர்ந்திருந்தது. பையில் கொண்டுபோன எங்கள் ஷாஃப்டை நீட்டினேன்.

நடு எழுத்துகள் கறுப்பாகப் பதிந்தன. முதலும் கடைசியும் வளைவில் இறங்கிப் புகைபோல மங்கிவிட்டன. ஓரங்களில் ஒளி சரியாகக் குவியவில்லை. எங்கள் எண்களுக்கும் இதே கதிதான். ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே எழுதும் இணைப்பு வேண்டும். அந்த மெஷினில் அதைப் பொருத்த வழியே இல்லை.

அதற்குள் முதலாளி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். வகுப்பில் எனக்காக நீதானே எழுந்து கேட்பாய்? பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. "சார், இது வேண்டாம்" என்றேன். "அட, மேடம் பேசுவாங்களா?" என்று விற்பனைக்காரர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. ஷாஃப்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "யாரும்மா இது? பாதிப் பேருதான் தெரியுது" என்று கேட்டார். ஃப்ரெண்டு சார் என்றேன். ஷாஃப்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்று மதியம் எல்லோரும் வாசலில் கும்பலாகச் சாப்பிட்டபோது என்னைப் பற்றித்தான் பேச்சு. "இல்லன்னா மொத்தமா மாட்டியிருப்போம்ப்பா" என்றார் கடைசல்காரர். நான் வழக்கம்போல ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

உனக்கு அங்கே வேலை, வீடு, புது மனிதர்கள் என்று எல்லாம் இருக்கும். நீளமாக எழுத வேண்டாம். திட்டியாவது ஒரு வரி போடு. கடிதங்கள் எதுவும் திரும்பி வரவில்லை. அதனால் நீ அந்த முகவரியில்தான் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இருடி.

மாறாத அன்புடன்,
உன் பக்கத்துக் கட்டில்காரி