எங்கட ஊர், பெல்ஜியம்

அண்ணை,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுப் பின்புற மரத்தளத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினார். மெல்பேர்ணின் புறநகரான இந்த வெரிபீயில் புதிய வீடுகளை எவ்வளவு நெருக்கமாகக் கட்டுகிறார்கள் என்றால், ஒருவர் பூச மூன்று குடும்பங்கள் முகர வேண்டும். என் மனைவி யன்னலைச் சாத்தினாள். நான் போய்த் திறந்தேன். "என்ன இந்த நாத்தத்தில ஆசை?" என்று கேட்டாள். "இது அண்ணையின்ர ஊர் மணம்" என்றேன். அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கு எங்கள் வீட்டில் இன்னும் அவ்வளவு மரியாதை.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் நாம் இருவரும் ஒரு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொண்டோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து நேராக வந்து இறங்கியிருந்தேன். நீங்களும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான் என்பதால், முதல் வாரம் ஒரு தை மாத மாலையில் குசினியில் நீங்கள் சொன்னதை நான் முற்றாக நம்பினேன்.

"எங்கட ஊரில இப்ப சரியான பனி."

"ஓம் அண்ணை, தை மாசமெல்லோ."

"சைக்கிள் மிதிக்கேலாது. முழங்கால் மட்டும் நிக்கும்."

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பனி முழங்கால் மட்டும் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, உங்கள் "எங்கட ஊர்" பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவில் இருக்கிறது என்று. அங்கே ஆளிச் செடியின் தண்டிலிருந்து நார் எடுக்கும் ஆலையில் பல வருடங்கள் வேலை செய்து, ஆலை மூடப்பட்டபின் அவுஸ்திரேலியாவுக்கு வந்திருந்தீர்கள். ஊரின் பெயரை எனக்குப் பலமுறை சொல்லிக்காட்டினீர்கள். அது தொண்டையில் முள் சிக்கியது போலத் தொடங்கி, ஆள் தப்பிவிட்டது போல முடியும்.

அந்தக் காலத்தில் மெல்பேர்ண் தமிழர்கள் எல்லோரும் ஒரு பாடசாலை மண்டபத்தில் அடங்கிவிடுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். ஒவ்வொருவரும் தன் ஊரைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானித்தவர் சின்னத்துரை மாஸ்டர். அவர் ஊரில் ஆசிரியர், இங்கே டயர் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலையிலும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அப்படித்தான் கூப்பிட வைத்திருந்தார். பேச்சுகள் நன்றாகவே நடந்தன. எல்லோருடைய கோயிலும் மிகப் பழையது, எல்லோருடைய மாம்பழமும் மிக இனிப்பானது, எல்லோருடைய பள்ளிக்கூடமும் டொக்டர்களை மட்டுமே வெளியே விட்டது.

உங்கள் முறை வந்தது. கோட்டு அணிந்து வந்து பெல்ஜியத்தைப் பற்றிப் பேசினீர்கள்.

ஒரு தேவாலயம், ஒரு சதுக்கம், ஒரு வாய்க்கால் என்று தொடங்கினீர்கள். ஊராட்சித் தலைவர் இறைச்சிக் கடைக்காரர். பிறப்புப் பதிய வருபவர் அரைக் கிலோ கொத்திறைச்சியும் வாங்கிக்கொண்டு போகலாம். ஞாயிறுகளில் பந்தயப் புறாக்கள் வீடு திரும்பும்வரை ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும். ஆளித் தண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போடும் மாதங்களில் எழும் நாற்றத்துக்கு வெளியூர்க்காரர் மூக்கைப் பிடிப்பார்கள், ஊர்க்காரர் பெருமையோடு மூச்சை இழுப்பார்கள். இரண்டு பித்தளை வாத்தியக் குழுக்கள் உண்டு. ஒன்றின் ஆள் மற்றதன் ஆளோடு பேசமாட்டான்.

"சனம் எவ்வளவு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ரெண்டு குழு வைச்சுச் சண்டை பிடிக்கக் காணும்."

பிறகு பக்கத்து ஊருக்கு வந்தீர்கள். உங்கள் குரல் கனத்தது. தங்கள் தேவாலயக் கோபுரம்தான் உயரம் என்று அவர்கள் சொல்லித் திரிகிறார்களாம். "அவங்கட கோபுரம் உயரமில்லை. உச்சியில நிக்கிற இரும்புச் சேவல்தான் பெரிசு. சேவலையும் சேர்த்து அளக்கிறாங்கள்."

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இது ஊர்ப் பேச்சு. நீர் பூமிசாத்திரம் படிப்பிக்கிறீர். உம்மட சொந்த ஊரைச் சொல்லும்."

"இதுதான் மாஸ்டர் என்ர ஊர்."

"பிறந்தனீரோ? காணி கிடக்கோ? சொந்தம் ஆரும் இருக்கோ?"

"ஒண்டுமில்லை. ஒருநாள் சைக்கிள் ஓட்டப் போட்டியில பக்கத்து ஊரான் ஒருத்தன் எங்களைப் பாத்து, 'ஆளி நாத்தம் பிடிச்சவங்களே' எண்டு கத்தினான். எங்கட பக்கத்தில நிண்ட எல்லாரையும் திட்டினான். என்னையும்தான். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, நான் அந்த ஊரான் எண்டு."

ஒருவரும் கை தட்டவில்லை. அதன்பிறகு உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களுக்குப் "பெல்ஜியம்" என்று பெயர் வந்தது. ஊர் இல்லாதவன் எப்படி ஆள் ஆவான் என்று மாஸ்டர் வெளிப்படையாகவே கேட்டார். நீங்கள் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் கதவோரக் கதிரையில் உட்காரத் தொடங்கினீர்கள். வீட்டிலும் "எங்கட ஊரில" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினீர்கள். வீடு மிகவும் அமைதியாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிறு, கூட்டம் தொடங்குமுன் நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"ஒரு செய்தி சொல்லோணும். எங்கட ஊர் இல்லாமல் போச்சு."

"என்ன, வெள்ளமோ?" என்றார் மாஸ்டர்.

"அரசாங்கம்."

பெல்ஜியத்தில் சின்ன ஊராட்சிகளைச் சேர்த்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் சுலபமாகுமாம். உங்கள் ஊராட்சி மன்றத்தைப் பூட்டிவிட்டார்கள். இறைச்சிக் கடைக்காரர் வெறும் இறைச்சிக் கடைக்காரராகிவிட்டார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த ஊரோட சேர்த்தவங்கள்?"

நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள்.

"சேவல்காரரோடையோ?"

"ஓம் மாஸ்டர்."

"பேர்? சேர்த்த ஊருக்கு ஆற்ற பேர்?"

"அவங்கட பேர்தான்."

மண்டபத்தில் எழுந்த சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கோயில் திருவிழாவில் பக்கத்து ஊர் மேளம் முந்திய கதை எல்லோர் வயிற்றிலும் ஒன்று கிடந்தது போலும். திருச்சியிலிருந்து வந்த எஞ்சினியர் கதிரையின்மேல் ஏறாத குறை. "அநியாயம் சார்! எங்க ஊரை இப்படிப் பண்ணியிருந்தா வெட்டுக்குத்து ஆயிருக்கும். தபாலாவது உங்க ஊர்ப் பேர் போட்டா வருமா?"

"வரும் எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப ஊர் இருக்கு. கவலைப்படாதீங்க."

பெல்ஜிய அரசாங்கத்தை வன்மையாகக் கண்டித்து ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பெல்ஜிய அரசாங்கத்துக்கு அது இன்றுவரை தெரியாது. மாஸ்டர் நடந்து வந்து, கதவோரத்திலிருந்த உங்கள் கதிரையைத் தானே தூக்கி முன்வரிசையில் போட்டார்.

"இரும். இண்டைக்கு உம்மட ஊரைப் பற்றித்தான் கூட்டம். மிச்சத்தையும் சொல்லும். முதல்ல அந்தச் சேவல்காரற்ற மற்ற அநியாயங்களைச் சொல்லும்."

அன்று மண்டபத்தின் காவலாளி விளக்கை அணைக்கப்போவதாக மிரட்டும்வரை பேசினீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது, அண்ணை. மாஸ்டரும் போய்விட்டார். இங்கே இப்போது தமிழர்களுக்கு மண்டபங்கள் பல, சங்கங்கள் அதைவிடப் பல. வாத்தியக் குழுக்களைப் போல ஒன்றோடொன்று பேசாமலும் இருக்கின்றன. நான் உங்கள் ஊருக்குப் போனதில்லை. பெரிய ஊரின் பெயரைச் சொல்லிச் சின்ன ஊர்க்காரர்கள் நாகரிகமாகத் தப்பித்துக்கொள்ள மட்டும் இன்றும் நான் விடுவதில்லை.

போன வாரம் ரயிலில் ஒரு தமிழ்ப் பையன் பக்கத்தில் இருந்தான். கணினி வேலைக்குப் போகிறவன். ஊர் எது என்று கேட்டேன். "கோயம்புத்தூர் அங்கிள்" என்றான், காதிலிருந்த கருவியை எடுக்காமலே.

"கோயம்புத்தூர்தானா, பக்கத்திலயா?"

ஒரு காதிலிருந்து எடுத்தான். "பக்கத்துல, சின்ன ஊர். சொன்னா உங்களுக்குத் தெரியாது."

"அதுக்குப் பக்கத்து ஊர்க்காரங்கள் எப்படி?"

மற்றக் காதிலிருந்தும் எடுத்தான். நகரம் வரும்வரை சொன்னான். கேட்கக் கேட்க எனக்கு இரத்தம் கொதித்தது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களையும் இப்போது எனக்குப் பிடிக்காது.